ஊனச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் வக்கீல் கட்டாயம் இல்லை

"மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு இனி வக்கீல் வழியாகத்தான் விண்ணப்பிக்கணும், 40% ஊனம் இருந்தாலே பணம் உறுதி, முன்பணம் கட்டிப் பதிவு செய்யுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஊனச் சான்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (யூடிஐடி) மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. ஊன சதவீதத்தை முடிவு செய்வது அரசு மருத்துவர்கள்தான், எந்த வக்கீலும் அதைக் கூட்டித் தர முடியாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40% அடிப்படை, சரி, ஆனால் உதவித்தொகைக்கு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரம்பு. உதாரணமாக, மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80% ஊனமும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதும் வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டங்களின் விதிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், தெருமுனை ஏஜென்ட்டிடம் அல்ல.

சரி, வக்கீலே தேவைப்படாதா? சில சமயம் தேவைப்படும். சான்றிதழ் மறுத்தாலோ சதவீதம் குறைவு என்று தோன்றினாலோ அந்த 2016 சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் காசு கொடுக்க வேண்டாம்: 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவிக்கு உரிமை தருகிறது (இதை அந்த மெசேஜ் சொல்லவே சொல்லாது, சொன்னால் பிழைப்பு எப்படி நடக்கும்?). மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பிய குரூப்பில் இதைப் போட்டுவிடுங்கள்.