தோல்சட்டைக்காரன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்

அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். வந்த அன்றைக்கே என் தோளுக்கு மேலாக லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். நான் ஃபால்அவுட் நியூ வேகஸ் விளையாடிக்கொண்டிருந்தேன். என் ஆள் தோல்சட்டையும் முதுகில் ஒரு துப்பாக்கியுமாக நோவாக் என்கிற ஊர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"என்ன மாமா, இவ்வளவு லெவல் ஏறியாச்சு, இன்னும் தோல்சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியுதிய? பவர் ஆர்மர் கெடைக்கலியா?"

"கெடச்சுட்டுலே. பெட்டிக்குள்ள கெடக்கு."

"பெட்டிக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பதிவு. வீட்டில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து முறுக்கு டப்பாவைத் தேடப் போய்விட்டான்.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் ஆப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய கேம் இது. 2077இல் அணுகுண்டுப் போர் நடந்து உலகமே கருகிப்போகிறது. கதை நடப்பது அதற்கு இருநூறு வருடம் கழித்து, 2281இல், அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில். நீங்கள் ஒரு கூரியர்காரர். உங்களைத் தலையில் சுட்டுக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போனவனைத் தேடி நடக்கிறீர்கள். ஆமாம், நடக்கத்தான் வேண்டும். ஓட்டிப்போக வண்டி எதுவும் கிடையாது.

கவசத்தில் மூன்று ரகம்: லைட், மீடியம், ஹெவி. ஹெவி போட்டால் நடை மெதுவாகும், லைட் போட்டால் ஆகாது. என் தோல்சட்டை லைட், உடம்பு முழுக்க மூடுகிற இரும்பான பவர் ஆர்மர் ஹெவி. ஒவ்வொரு கவசத்துக்கும் டிடி என்று ஒரு எண் இருக்கிறது. டேமேஜ் த்ரெஷோல்ட் என்பதன் சுருக்கம் அது. நம் மேல் விழும் அடியிலிருந்து அந்த எண்ணைக் கழித்து, மிச்சம் எவ்வளவோ அதுதான் உடம்பில் இறங்கும். எவ்வளவு பெரிய இரும்பைப் போட்டுக்கொண்டாலும் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வந்தே தீரும்.

என் வலுவூட்டிய தோல்சட்டைக்கு டிடி 10, எடை 15. மருமகன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற டி-51பி பவர் ஆர்மருக்கு டிடி 25, எடை 40. 25 பெரிதா 10 பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரும் அந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

கொஞ்சம் மேலே போவோம். சின்னத் துப்பாக்கிக் குண்டு ஒன்று 20 அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல்சட்டையில் எனக்கு 10 இறங்கும். பவர் ஆர்மரில் 20 முழுசும் கழிந்துபோய், அந்த ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 மட்டும் இறங்கும். இங்கே மருமகன் ஜெயித்துவிட்டான், மறுக்கவில்லை. சடசடவென்று சின்னக் குண்டுகளாகக் கொட்டுகிறவர்கள் முன்னால் ஹெவிக்கு நிகர் எதுவும் இல்லை. வால்ட் 3 என்கிற நிலத்தடிப் புகலிடத்துக்குள் ஃபீண்ட் என்கிற கொள்ளைக் கும்பலைப் பார்க்கப் போகும்போது நானும் நோவாக் மோட்டல் அறைப் பெட்டியைத் திறந்து அந்த இரும்பை மாட்டிக்கொண்டுதான் போனேன். குறுகலான நடை, ஒதுங்க இடமில்லை, நடக்க வேண்டிய தூரமும் கொஞ்சம். அங்கே அது சரி.

இப்போது பெரிய அடிக்கு வருவோம். ஒரு குண்டுக்கு 100 என்று வையுங்கள். என் ஆளுக்கு உயிர் 300. தோல்சட்டையில் குண்டுக்கு 90 இறங்கும், மூன்றாவது குண்டு வரை தாங்கி நான்காவதில் சாவேன். பவர் ஆர்மரில் 75 இறங்கும். மூன்று குண்டு தாங்குவேன், நான்காவதில் சரியாக 300 முடிந்து அப்போதும் சாவேன். 25 எடையைக் கூடுதலாகச் சுமந்து கண்ட லாபம், பிணம் பார்க்கக் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்பதுதான். அந்த மாதிரித் துப்பாக்கிக்காரனிடமிருந்து தப்பிக்க வழி, அவன் நம்மைப் பார்க்கும் முன் நாம் அவனைப் பார்ப்பது. அதற்கு எந்தக் கவசமும் உதவாது.

சண்டை நடப்பது எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம் விளையாடினால் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். மிச்ச ஐம்பது நிமிடம் நடை, தேடல், தூக்கல், விற்றல். கவசத்தின் பலன் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும், பாரமோ அறுபது நிமிடமும் முதுகில் இருக்கும். நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். பலம் 5 வைத்திருக்கும் ஆள் 200 சுமக்கலாம். அதில் 40 கவசத்துக்கே போய்விடும், அப்புறம் ஹெல்மெட் தனி. ஹார்ட்கோர் வகையில் விளையாடினால் குண்டுகளுக்கும் எடை உண்டு. பசி, தாகம், தூக்கம் எல்லாம் உண்டு. ஸ்டிம்பேக் என்கிற மருந்தூசியைக் குத்தினால் உடனே சரியாகாது, மெள்ள மெள்ளத்தான் உயிர் ஏறும். அங்கே அந்த 25 எடை என்பது தண்ணீர், மருந்து, இன்னொரு துப்பாக்கி, விற்றுக் காசாக்கக் கொஞ்சம் சாமான்.

"பவர் ஆர்மர் போட்டா பலம் கூடும்லா மாமா, சொமக்கிற அளவும் கூடும்லா?" கூடும். ஒரு புள்ளி பலத்துக்கு 10 கூடும். கூட்டிக் கழித்துப் பாருங்கள், அது கொடுப்பதைவிட அதுவே தின்பது அதிகம்.

இன்னொன்று, அந்தக் கவசத்தைப் போடவே உங்களுக்குப் பயிற்சி வேண்டும். ஹிடன் வேலி பதுங்குகுழியில் இருக்கிற பிரதர்ஹுட் என்கிற கூட்டத்து ஆட்களுக்கு அலைந்து திரிந்து ஏவல் வேலை பார்த்தால் சொல்லித் தருவார்கள். அதற்குள் கேமில் கஷ்டமான பகுதி முடிந்துபோய் இருக்கும். கதை தொடங்குகிற குட்ஸ்பிரிங்ஸிலிருந்து நேர் வடக்கே போனால் கசடோர் என்கிற ராட்சசக் குளவியும் டெத்கிளா என்கிற நகமுள்ள மிருகமும் கொன்றுபோடும், அதனால் தெற்கே பிரிம், நிப்டன், நோவாக் என்று ஊரைச் சுற்றிப் போக வேண்டும் என்கிற அறிவெல்லாம் தோல்சட்டையில் அடிவாங்கித்தான் வந்திருக்கும். அப்புறம் பழுது. அடிபட அடிபடக் கவசத்தின் டிடி இறங்கும். தோல்சட்டை வழியில் செத்துக்கிடக்கிறவன் மேலெல்லாம் கிடைக்கும், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிசெய்துகொள்ளலாம். பவர் ஆர்மருக்கு ஜோடி தேடி எங்கே போவது? லெவல் ஏறும்போது எடுக்கிற பெர்க் என்கிற சலுகைகளில் ஜூரி ரிக்கிங்கை எடுத்தால் சமாளிக்கலாம், ஆனால் அதற்கு ரிப்பேர் திறன் 90 வேண்டும். நான் எடுத்தது டிராவல் லைட். லைட் கவசத்தில் வேகம் பத்து சதவீதம் கூடும். அந்தப் பத்து சதவீதத்தின் சுகத்தை அனுபவித்தவன் இரும்புக்குத் திரும்பிப் போக மாட்டான்.

எங்கள் அம்மாவுக்குத் திசையன்விளைப் பக்கம். தாத்தா பனையேறி. காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கலயம். மேலே சட்டை கிடையாது. நெஞ்சு முழுக்க மரம் உரசி உரசிக் காய்ப்புக் காய்த்து மாட்டுத்தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். நான் முதலில் பார்த்த தோல்சட்டை அதுதான். சட்டை போட்டுக்கிட்டு ஏறினா என்ன தாத்தா என்று கேட்டதற்கு, "மரத்துல சிக்கும்லே" என்றார். அவ்வளவுதான் பதில்.

எனக்குச் சொந்த அனுபவத்தில் புத்தி வந்தது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக்குள் வந்துவிட்ட நாள். எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் தாண்டியதும் பக்கத்து வீட்டில் ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டேன். முழங்கால் வரைக்கும் ரப்பர். பாம்பு, கண்ணாடி, ஆணி எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது என்கிற தைரியத்தில், அத்தை வீட்டுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் ராஜநடைதான். முனை திரும்பியதும் பள்ளம். தண்ணீர் பூட்ஸுக்கு மேலே ஏறி உள்ளே இறங்கியது. ஒவ்வொரு காலும் ஒரு வாளித் தண்ணீர். தூக்கினால் வரவில்லை, இழுத்தால் சேறு பிடித்துக்கொள்கிறது. பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன்.

அந்தப் பக்கம் ஒரு அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், வெறும் கால், கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கம்பை ஊன்றி, ஓடை எங்கே, ரோடு எங்கே என்று தடவித் தடவி நடந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "அதக் கழத்திப் போடுங்க தம்பி. தரை காலுக்குத் தெரியணும்லா?"

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். பாலும் ரொட்டியும் போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது, திரும்பி வரும்போது ஏதோ தகரம் கிழித்து உள்ளங்காலில் நல்ல காயம். டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி போட வேண்டியிருந்தது. இதை மருமகனிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. "பாத்தியளா, கவசத்துல டிடி இல்லன்னா கடைசில டி.டி. ஊசி போட்டுத்தான் ஆகணும்" என்கிறான். பயல் வாய் அப்படி. சரி, லைட் போட்டால் காயம் படும். நான் இல்லையென்று சொல்லவே இல்லையே. கேமிலும் தோல்சட்டைக்காரனுக்கு ஸ்டிம்பேக் செலவு கூடத்தான். ஆனால் அந்தப் பள்ளத்தில் பூட்ஸோடு நின்றிருந்தால் காயமே படாமல் விடியவிடிய நின்றிருப்பேன்.

ஃபால்அவுட் 4ஐ இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள். 2015இல் வந்த அந்தக் கேமில் பவர் ஆர்மருக்குள் ஃபியூஷன் கோர் என்கிற பேட்டரியைப் போட்டு ஏறி உட்கார வேண்டும். கோர் தீர்ந்தால் நடை தவழலாகிவிடும். அதை நான் கவசத்தில் சேர்ப்பதில்லை, டீசல் போட்டு ஓட்டுகிற டிராக்டர் அது. டிராக்டராக நினைத்து ஓட்டினால் நன்றாகவே இருக்கும்.

மீடியம் பற்றிக் கேட்பீர்கள். காம்பாட் ஆர்மர், டிடி 15, எடை 25. நல்ல சாமான். அதைப் போட்டுக்கொண்டு வந்து யாரும் என்னிடம் வம்பு பேசுவதில்லை, அதனால் எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று ராத்திரி மருமகன் என் சேவ் ஃபைலைக் காப்பி எடுத்துக்கொண்டான். பெட்டியைத் திறந்து டி-51பியை மாட்டினான். ஹெல்மெட்டை மாட்டினான். பெட்டியில் கிடந்த மெஷின்கன்னையும் அதற்கு உண்டான குண்டு அத்தனையையும் எடுத்துக்கொண்டான். வெளியே வந்து ஓடப் பார்த்தால் ஆள் ஓடவில்லை. சுமை கூடிப்போயிற்று என்று திரையில் எழுத்து வருகிறது. லிஸ்டைத் திறந்து மேலும் கீழும் பார்த்தான். கவசத்தையும் தொடவில்லை, துப்பாக்கியையும் தொடவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடப் போய்விட்டேன்.

அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மாமா, இந்தப் பக்கம் எங்கயாச்சும் தண்ணி கெடைக்குமா?"