ஜாக் பிரிட்டனுக்குக் காயமெல்லாம் இல்லை

பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி 2016-இல் டொராண்டோவிடம் தோற்றதைப் பற்றி, "பந்துவீச்சாளர் ஜாக் பிரிட்டனுக்கு அன்று காயம், அதனால்தான் மேனேஜர் பக் ஷோவால்டர் அவரைக் களமிறக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2016 அக்டோபர் 4, டொராண்டோவில் நடந்த வைல்ட் கார்டு ஆட்டத்தில் (தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டம்) பிரிட்டன் பந்துவீசத் தயாராகத்தான் இருந்தார். ஓரியோல்ஸ் முன்னிலை பெற்றால் கடைசி இன்னிங்ஸைக் காக்க வேண்டுமே என்று ஷோவால்டர் அவரைப் பொத்திப் பொத்தி வைத்தார். அந்த முன்னிலை வரவே இல்லை.

அந்த சீசனில் பிரிட்டன் 47 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடிப்பது) வாய்ப்புகளில் 47-ஐயும் முடித்தவர், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைவாக இருந்தால் நல்லது) 0.54. அப்படிப்பட்டவரை உட்கார வைத்துவிட்டு, வழக்கமான 9 இன்னிங்ஸில் முடியாமல் 2-2 என்று நீண்ட ஆட்டத்தின் 11-வது இன்னிங்ஸில் இன்னொரு பந்துவீச்சாளரான உபால்டோ ஹிமெனெஸை அனுப்பினார்கள். டொராண்டோவின் டிராவிஸ் சிங்கிள் (முதல் பேஸை அடையும் அடி), டொனால்ட்சன் சிங்கிள். அடுத்து வந்த என்கார்னாசியோன் முதல் பந்தையே கேலரிக்குள் அனுப்ப, 5-2, ஆட்டம் முடிந்தது. (ஹிமெனெஸைத் திட்டுபவர்களுக்கு: அவர் தானாக வந்து நிற்கவில்லை.)

அதற்காக "பிரிட்டன் வந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்" என்பதையும் ஏற்க முடியாது. தங்கள் வீரர் டிரம்போவின் 4-வது இன்னிங்ஸ் ஹோம் ரன்னுக்குப் பிறகு ஓரியோல்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பிரிட்டன் வந்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கலாம், அவ்வளவுதான்.