ஏழாவது பாட்டை யாராவது கேட்டீர்களா?

வெள்ளிக்கிழமை காலையில் ஆல்பம் வெளியாகிறது. மதியத்துக்குள் விமர்சனம் வந்துவிடுகிறது. படித்தால் வயிறு எரிகிறது.

பெரிய லேபிள், அதாவது ஆல்பங்களை வெளியிடும் இசை நிறுவனம், என்றால் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே ஆல்பத்தை அனுப்பிவிடுவார்கள், தெரியும். ஆனால் நான் சொல்வது லேபிளும் இல்லாமல், விளம்பரத்துக்கு ஆளும் இல்லாமல், சொந்தக் காசில் ரெக்கார்டிங் செய்து தாங்களே வெளியிடும் சின்னச் சின்ன ராக் குழுக்களைப் பற்றி. அவர்களுடைய ஆல்பத்தை முந்தின நாள் வரை வெளியாள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாற்பது நிமிட ஆல்பத்துக்கு நாலு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதினால் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்? பல விமர்சனங்களைப் பார்த்தால் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது என்றால், முதல் பத்தியில் குழுவின் கதை இருக்கும். யார் யாரைப் பிரிந்தார்கள், எந்தக் காட்டு வீட்டில் போய் உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள் என்று பிரஸ் நோட்டில் உள்ளது அப்படியே வரும். சில சமயம் வாக்கியம்கூட மாறாது. அடுத்த பத்தியில் இது அந்தக் குழு மாதிரி, அது இந்தக் குழு மாதிரி என்று நாலு பெயர்கள். அப்புறம் ஆல்பத்துக்கு முன்பே தனிப்பாட்டாக வெளியான இரண்டு சிங்கிள்களைப் பற்றி இரண்டு வரி. கடைசியில் பத்துக்கு 7.3. முடிந்தது.

டிரம்ஸ் எப்படிக் கேட்கிறது? வறண்டு, பக்கத்தில் அடிப்பது போலவா, அறை முழுக்க எதிரொலிக்கிறதா? பேஸ் சும்மா கிடாரின் அடியில் ஓடுகிறதா, இல்லை மெட்டையே அதுதான் தூக்கிப் பிடிக்கிறதா? எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸில் குரலை ஏன் இவ்வளவு புதைத்து வைத்திருக்கிறார்கள், அது பாட்டுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா? மாஸ்டரிங் என்னும் கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் சத்தத்தை ஏற்றி ஏற்றி, மெதுவான இடமும் உச்சமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டதா? ராக் ஆல்பம் என்பதே இவைதானே! இதில் ஒன்றைக்கூடச் சொல்லாத எழுத்துக்கு எப்படி விமர்சனம் என்று பெயர் வைக்கிறீர்கள்?

அந்த ஒப்பீட்டு வியாதியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கிடாரில் கொஞ்சம் புகைமூட்டம் இருந்தால் போதும், உடனே மை ப்ளடி வேலன்டைன் குழுவின் 1991 ஆல்பமான லவ்லெஸ்ஸை இழுத்து வந்துவிடுகிறார்கள். அந்த ஆல்பத்தையாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்களா? அந்தக் குழுவின் கிடார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ், தந்திகளின் இறுக்கத்தை மாற்றும் கம்பியான ட்ரெமலோ பாரைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டினார். அதனால் சுருதி ஒரு இடத்தில் நிற்காமல் வளைந்து வளைந்து போகிறது. நூறு கிடார்களை அடுக்கியது போலத் தோன்றினாலும், பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவான கிடார் டிராக்குகள்தான் அதில் இருப்பதாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். எதிரொலியைக் கூட்டி வைத்துவிட்டு நேராக வாசிக்கும் ஒரு புதுக் குழுவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் குழு தானாகக் கண்டுபிடித்த சத்தம் ஒன்று இருக்கும். அதைக் கேட்கும் முன்பே அதன் தலையில் வேறு ஒருவர் பெயரை எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

இதைவிடக் கோபம் வருவது இன்னொரு விஷயத்துக்கு. விமர்சனங்களில் முதல் மூன்று பாட்டுகள் வரும், கடைசிப் பாட்டு வரும். நடுவில் இருப்பவை வராது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது பாட்டுகளை யாரும் கேட்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆல்பத்துக்குச் செல்லாது, ஐயா! சிங்கிளாக விட முடியாததை, திரும்பத் திரும்ப வரும் ஒரே கிடார் துணுக்கில், ஒரே ரிஃப்பில், ஆறு நிமிடம் நிற்கும் துணிச்சலை, பாடகர் நிஜமாகவே உடையும் இடத்தை இந்தக் குழுக்கள் அங்கேதான் வைக்கின்றன. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல தரத்தில் கொள்ளும். அதனால் ஆல்பம் இரண்டு பக்கமாகப் பிரியும், பக்கத்தைப் புரட்டியதும் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று குழுவுக்குள் சண்டையே நடக்கும். போன வாரம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பத்தில் ஏழாவது பாட்டில் டிரம்ஸ் பாதியில் நின்றுபோகிறது, பேஸ் மட்டும் தனியாகத் தாளத்தைச் சுமந்துகொண்டு போகிறது, திரும்ப டிரம்ஸ் நுழையும்போது தாளத்தில் அரை பீட் தள்ளி நுழைகிறது. உடம்பு சிலிர்க்கிறது. கண்ணில் பட்ட விமர்சனம் எதிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒழுங்காகக் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லின்ட் குழுவின் ஸ்பைடர்லேண்ட் ஆல்பம் போதும். 1991ல் அது வெளிவரும் முன்பே குழு கலைந்துவிட்டது. மொத்தம் ஆறே பாட்டுகள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்டீவ் அல்பினி மெலடி மேக்கர் இதழில் பத்து நட்சத்திரம் கொடுத்து, பத்து வருடத்தில் இது ஒரு மைல்கல்லாக இருக்கும் என்று எழுதினார். அப்படியே நடந்தது. அவர் ரெக்கார்டிங் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர், அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவரும் அவர்தான். சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவர். எல்லாரும் அல்பினி ஆக வேண்டாம். காதையாவது திறந்து வைக்கலாமே!

மதிப்பெண் கூத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடகி லிஸ் ஃபேர் 2003ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 0.0 கொடுத்தது. 2021ல் அதையே 6.0 ஆக மாற்றியது. இடையில் ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. இந்த எண்களை எல்லாம் கூட்டிச் சராசரி போட்டு அதை வைத்துத்தான் பலர் ஒரு ஆல்பத்தைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

பெரிய நட்சத்திரங்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடி விழுவது சின்னக் குழுக்களுக்கு. ஸ்பாட்டிஃபை 2024லிருந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது என்று வைத்துவிட்டது. அந்த ஆயிரத்தைத் தொடக்கூட, இதைக் கேளுங்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் விமர்சகர். அவரும் பிரஸ் நோட்டை நகலெடுத்துப் போட்டுவிட்டால் அந்தக் குழு எங்கே போகும்?

வாரத்துக்கு அத்தனை ஆல்பங்கள் வருகின்றன, எழுதுவதற்குக் காசும் வருவதில்லை, எப்படி எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பது என்கிறார்கள். சரி, கஷ்டம் உண்மைதான். அப்படியானால் பத்து வேண்டாம், ஒன்றை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், மூன்று வாரம் கழித்து வரட்டும். பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில், என்ன கெட்டுப்போனது என்று சொல்லித் திட்டுங்கள்.