டோனி லாக்கெட் அடித்தது கோல் அல்ல

ஆஸ்திரேலிய ஃபுட்பால் (நாம் அறிந்த கால்பந்து அல்ல, அந்நாட்டுக்கே உரிய ஆட்டம்) பற்றிப் பேசும்போது ஒரு கதை அடிக்கடி சுற்றிவருகிறது: 1996 இறுதிப் போட்டியில், ஆட்டம் முடிந்ததை அறிவிக்கும் சைரன் ஒலித்த பிறகு டோனி லாக்கெட் கோல் அடித்து, தன் அணியான சிட்னி ஸ்வான்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் தவறு.

முதலில், அது இறுதிப் போட்டியே அல்ல. அதற்கு முந்தைய கட்டத்தில் எசென்டன் அணியுடன் நடந்த ஆட்டம். சைரன் ஒலித்தபோது இரு அணிக்கும் 69 புள்ளிகள். லாக்கெட் தூரத்திலிருந்து உதைத்த பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே போகவில்லை, பக்கக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனது. நடுவே போயிருந்தால் கோல், 6 புள்ளி. இப்படிப் போனால் ‘பிஹைண்ட்’, ஒரே ஒரு புள்ளி. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது: 70-69. வெற்றிக்கு உதவிய குறி தவறல் என்றே சொல்லலாம்!

அடுத்த வாரம் மெல்போர்னில் இறுதிப் போட்டி. லாக்கெட் 6 கோல் அடித்தும் நார்த் மெல்போர்ன் 43 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கோப்பை வென்ற அணியில் லாக்கெட் ஒருமுறைகூட ஆடியதில்லை.

அப்புறம், லாக்கெட் மொத்தம் அடித்த 1360 கோல்களும் சிட்னிக்காக என்று சிலர் நினைப்பதும் சரியல்ல. 898 கோல்கள் அவர் முன்பு ஆடிய செயின்ட் கில்டா அணிக்கு அடித்தவை, சிட்னிக்கு 462தான். காலின்வுட் அணியின் கோர்டன் கவென்ட்ரி வைத்திருந்த 1299 கோல் சாதனையை அவர் தாண்டியது 1999 ஜூனில், அதே காலின்வுட்டுக்கு எதிராக.