நம்ப முடியாத கொம்பனி

என் கதையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சூமில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் கதையை அங்கே விமர்சித்த ஐயா, பேசியது போதாதென்று அதைப் பதிவாகவும் போட்டு, கீழே எனக்குத் தெரிந்தவர்களே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை வைத்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

என் கதையில் வரும் கூலிப்படைக் கொம்பனிக்கு நான் எழுதிய வரலாற்றில் 'லொஜிக்' இல்லையாம். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் லண்டனில் வசதியான இடத்தில் அலுவலகம் போட்டு, நாடு நாடாகப் போய்ப் படை பயிற்றுவிப்பார்களாம், அரசாங்கம் தெரியாத மாதிரி இருக்குமாம். ஹொலிவூட் படம் பார்த்து எழுதியதாம்.

ஐயா, கொம்பனியின் பெயர் மட்டும்தான் என் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.

கீனி மீனி சேர்விசஸ், சுருக்கமாகக் கே.எம்.எஸ். இந்தப் பெயரைக் கதையில் வைத்திருந்தால் அதையும் பகிடி என்றிருப்பீர்கள். 1970களின் நடுவில், பிரித்தானிய ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.இன் முன்னாள் அதிகாரிகள் தொடங்கியது. அவர்களில் ஒருவரான ஜிம் ஜோன்சன், 1960களில் யேமன் உள்நாட்டுப் போருக்கே கூலிப்படை ஒழுங்கு செய்து கொடுத்தவர். அலுவலகம் லண்டன் கென்சிங்டனில். ஆரம்பத்தில் பிரித்தானியத் தூதரகங்களுக்குக் காவல், பிறகு ஓமான் சுல்தானின் சிறப்புப் படைக்குப் பயிற்சி. 1984இல் இலங்கை. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அரசு பொலிசுக்குள் உருவாக்கிய விசேட அதிரடிப்படைக்குக் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பயிற்சி கொடுத்தது இவர்கள்தான். அப்புறம் ஹெலிகொப்டர் ஓட்டவும் ஆட்கள் வந்தார்கள்.

ஏன் தனியார் கொம்பனி என்றுதானே கேட்டீர்கள்? லண்டனுக்குக் கொழும்பும் வேண்டும், டெல்லியின் மனமும் நோகக்கூடாது. சொந்தப் படையை அனுப்பினால் பாராளுமன்றத்தில் கேள்வி வரும். கொம்பனி போனால், அது அவர்களுடைய வியாபாரம், எங்களுக்கு என்ன தெரியும் என்று கையைக் கழுவலாம். இதுதான் லொஜிக். இதைவிட நல்ல லொஜிக் எனக்கு எழுத வராது.

எங்கள் அம்மம்மா மட்டக்களப்புப் படுவான்கரைக்காரி. "ஹெலிக்குள்ள வெள்ளைக்காரன் இருந்தான் மனே" என்று அவர் சொன்னதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. வாத்தியாராக இருந்த பெரியப்பா, "அவ்வளவு உயரத்தில பறக்கிறவன் கறுப்போ வெள்ளையோ எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதாக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அம்மம்மா பதில் சொல்லமாட்டார், வெற்றிலையை மடிப்பார். பிறகு பிரித்தானியக் கோப்புகள் வெளியே வந்தன, அங்கே பறந்த வெள்ளைக்கார விமானி ஒருவரே தன் நினைவுகளை எழுதினார். அப்போது பெரியப்பா, "ஓ, அப்படியும் இருந்திருக்கு" என்றார். அம்மம்மா அப்போது உயிரோடு இல்லை.

கொம்பனி பயிற்சிதானே கொடுத்தது, சுட்டது அவர்கள் இல்லையே என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பயிற்றுவித்த படை என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தவனை என்ன சொல்வது? 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணையில் வேலை பார்த்தவர்களைக் கொன்றது அந்த அதிரடிப்படைதான். கொம்பனி அதற்குப் பிறகும் இலங்கையில் இருந்தது.

'எங்கட ஆட்கள் செய்ததையும் எழுது' என்பவர்களுக்குப் பதில் இல்லை. எழுதியிருக்கிறேன், தேடி வாசியுங்கள்.

ஐயாவின் பக்கத்திலும் ஒரு சரியான வாதம் இருக்கிறது. உண்மை நம்பமுடியாததாக இருக்கலாம், கதை அப்படி இருக்கக்கூடாது என்கிறார். சரி. அப்படியென்றால் இதைப் பாருங்கள். 1997இல் பப்புவா நியூ கினி அரசு, பூகன்வில் தீவில் நடந்த கிளர்ச்சியை அடக்கச் சாண்ட்லைன் என்ற கொம்பனியை 3 கோடியே 60 லட்சம் டொலருக்குப் பிடித்தது. அந்த நாட்டு ராணுவத் தளபதியே கூலிப்படையைக் கைது செய்து திருப்பி அனுப்பினார், பிரதமர் பதவியிலிருந்து ஒதுங்கவேண்டி வந்தது. 2004இல் எக்குவட்டோரியல் கினி ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்ட கூலிப்படை விமானம் சிம்பாப்வேயின் ஹராரேயில் பிடிபட்டது. அந்த விவகாரத்தில் ஹெலிகொப்டருக்குப் பணம் கொடுத்ததற்காகத் தென்னாபிரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 லட்சம் ராண்ட் தண்டம் கட்டியவர் மார்க் தட்சர். ஆம், கே.எம்.எஸ். இலங்கையில் இருந்தபோது பிரித்தானியப் பிரதமராக இருந்த அதே மார்கரெட் தட்சர் அம்மையாரின் மகன். இதைக் கதையில் வைத்தால் எத்தனை சிரிப்புப் பொம்மை வரும்?

எனக்கு நொந்தது கதையைக் குறை சொன்னதல்ல. என் கதையில் ஆயிரம் குறை இருக்கலாம், உரையாடல் நீளம் என்று சொன்ன தம்பி சரியாகத்தான் சொன்னார். எங்கள் சனம் பார்த்ததைச் சொன்னால் அது கட்டுக்கதை, அதையே லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் கோப்பிலிருந்து எடுத்துச் சொன்னால் வரலாறு. இதுதான் நோகிறது. அந்தக் கோப்புகளையாவது முழுதாக வைத்தார்களா? 1978 முதல் 1980 வரையான காலத்து, இலங்கை பற்றிய கிட்டத்தட்ட 200 கோப்புகளைப் பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது. கோப்பை அவர்கள் அழித்தால் ஆதாரம் இல்லை, சாட்சியை நாங்கள் சிரித்தே அழித்துவிட்டால் அதுவும் இல்லை. பிறகு கதை எழுதாமல் வேறு என்ன செய்வது, ஐயா?

2020இல் லண்டன் பொலிசின் போர்க்குற்றப் பிரிவு கே.எம்.எஸ். பற்றி விசாரணை தொடங்கியது. கொம்பனி இலங்கைக்கு வந்து 36 வருடம் கழித்து.

கதையை உண்மையில் வாசித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடைசி அத்தியாயத்தில் கொம்பனியின் முதலாளிகள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள், தீர்ப்பும் வருகிறது. அந்தக் கதையில் நான் முழுக்க முழுக்கக் கற்பனை செய்தது அது ஒன்றைத்தான். இரண்டு மணித்தியாலக் கூட்டத்தில் அதை நம்பமுடியவில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.