இடம் குறையட்டும், இரவு கூடட்டும்

கோடை விடுமுறை நெருங்கினால் இங்கே அமெரிக்காவில் நம் வாட்ஸப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "யெல்லோஸ்டோன் போறோம், பத்து நாள் லீவு இருக்கு. வழியில வேற என்னென்ன கவர் பண்ணலாம்?" உடனே ஆளாளுக்குத் தாங்கள் போய் வந்த எக்செல் ஷீட்டை அனுப்புவார்கள். 10 நாளில் 8 நேஷனல் பார்க், தினம் 400 மைல், ராத்திரி பதினொரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் செக்-இன். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இதே மாதிரி ஒரு பயணத்தை நாங்களும் போய் வந்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் தடவை மினியாபோலிஸிலிருந்து கிளம்பி 9 நாளில் 7 இடம். பேட்லேண்ட்ஸ், மவுண்ட் ரஷ்மோர், டெவில்ஸ் டவர், யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர், திரும்பும் வழியில் தியடோர் ரூஸ்வெல்ட். ஏழு இடத்திலும் நுழைவாயில் பலகை முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறோம். அந்தப் படங்களை இப்போது பார்த்தால் பின்னால் இருக்கும் பலகையைப் படித்துத்தான் எந்த ஊர் என்று சொல்ல முடிகிறது.

யெல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் கடல் நீலம், சுற்றிலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய வெந்நீர் ஊற்று. "சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். கூட்டம் இல்லை, உண்மைதான். ஊற்றும் இல்லை. குளிர்ந்த காலையில் வெந்நீரிலிருந்து எழும் ஆவி அப்படியே மேலே படுத்துக்கொள்கிறது. வெயில் ஏறிக் காற்று சூடானால்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும். அரை மணி நேரம் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். மதியத்துக்குள் டீட்டன் போய்ச் சேர வேண்டும் என்று ஷீட்டில் எழுதியிருந்தது.

மூன்று வருடம் கழித்து அதே பாதையில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை 11 நாள், மூன்றே இடம், எல்லா இரவும் பார்க்குக்குள்ளேயே டென்ட். கூட என் மாமியாரும் வந்தார். அத்தைக்கு அப்போது 66 வயது. "தரையில படுக்கணுமாம்ல?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தவர், காரில் ஏறியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பார்க்குக்குள் தங்குவதற்கும் வெளியே ஓட்டலில் தங்கி வந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் காசு மட்டும் இல்லை. யெல்லோஸ்டோன் கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 2021இல் மட்டும் 48 லட்சத்துக்கும் மேல் வருகை பதிவானது. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில்தான் ஒரே வளையச் சாலையில் மோதும். வெளியூர் ஓட்டலில் இருப்பவர் எப்படிப் போனாலும் அந்த நேரத்தில்தான் மாட்டுவார். உள்ளே இருப்பவருக்குக் காலையும் சாயங்காலமும் கையில் இருக்கிறது. நாங்கள் இருந்த மேடிசன் கேம்ப்கிரவுண்டிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று 16 மைல். சாப்பாட்டை முடித்துவிட்டு அந்தி மங்கும் நேரத்தில் போனோம். பகலில் பல வரிசையாய் ஆட்கள் நிற்கும் அரைவட்டப் பலகையில் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீர் பீறிட்டு எழுந்து அடங்கியதும் துளிகள் தரையில் விழும் ஓசை கேட்டது. பகல் கூட்டத்தில் அது காதில் விழாது.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கும் பார்த்தோம். முதல் நாள் காலை அதே புகைதான். ஆனால் இந்தத் தடவை திரும்பி வந்து சமைத்து, சாப்பிட்டு, குழந்தைகளோடு ஆற்றங்கரையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மறுபடியும் இரண்டு மணிக்குப் போனோம். தெற்குப் பக்கம் ஃபேரி ஃபால்ஸ் பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்து ஏறினால் ஊற்றை மேலிருந்து பார்க்கும் மேடை இருக்கிறது. அத்தை மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மேலே போய்ப் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கோலம் போட்டு நடுவுல தண்ணி ஊத்துன மாதிரி இருக்குடா" என்றார் மகனிடம்.

நடுவில் இருக்கும் நீலம் தவிர, அந்த நிறங்களெல்லாம் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள். அந்த ஊற்றுகளில் ஒன்றில்தான் 1960களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் சூட்டைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். பின்னால் அதிலிருந்து பிரித்த நொதிதான் பிசிஆர் சோதனையைச் சாத்தியமாக்கியது. கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆர். இதை கேம்ப்கிரவுண்டின் திறந்தவெளி அரங்கில் இருட்டியபின் ஒரு ரேஞ்சர், அதாவது பூங்கா ஊழியர், சொல்லக் கேட்டோம். என் மகளுக்கு இன்றுவரை நினைவிருக்கிறது. மாலை ஆறு மணிக்கே கிளம்பி ஓட்டலுக்குப் போயிருந்தால் இந்தக் கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மேடிசன் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல். ஆகஸ்டிலும் ராத்திரி உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். நாங்கள் சொகுசாக இருக்கட்டும் என்று அத்தைக்குத் தடிமனான காற்று மெத்தை வாங்கியிருந்தோம். அதுதான் தப்பு. உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கி முதுகுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மணிக்கு அவர் நடுங்கி எழுந்துவிட்டார். காரில் ஹீட்டர் போட்டு உட்கார வைத்தோம். மறுநாள் மெத்தையை ஓரமாக வைத்துவிட்டு, நுரை விரிப்பு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே கம்பளியும் விரித்துப் படுக்க வைத்தோம். நிம்மதியாகத் தூங்கினார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மற்ற சாமானைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழேயிருந்து வரும் குளிர் விடாது.

இடம் கிடைக்காது என்று பலர் சொல்கிறார்கள். கிடைக்கும், முன்கூட்டியே பார்த்தால். மேடிசன் மாதிரியான சில முகாம்களை ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. அவற்றுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். மற்ற பல இடங்களுக்கு அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னால். ரத்தாகும் இடங்கள் தினமும் திரும்ப வரும். காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை பார்த்தாலே போதும். டெவில்ஸ் டவரில் முன்பதிவே கிடையாது, முதலில் வருபவருக்கு இடம். வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருடத்தை விட்டுவிடாதீர்கள். எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் திட்டத்தில் அந்தப் பிள்ளைக்கும் கூட வரும் குடும்பத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 2025 வரை அந்த அனுமதிச் சீட்டைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது, போனில் காட்டினால் செல்லாது.

இந்த இரண்டாம் பயணத்தின் முதல் இரவு பேட்லேண்ட்ஸில். அங்கே புல்வெளித் தீ அபாயம் இருப்பதால் விறகு மூட்டவே கூடாது. "கேம்ப்ஃபயர் இல்லாத கேம்ப்பா?" என்று மகன் அழுதான். இருட்டியதும் அழுகை நின்றுவிட்டது. வெளிச்சமே இல்லாத சமவெளி. பால்வீதி ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கிடந்தது.

அவனுக்கு அங்கே வேறொரு வேலையும் கிடைத்தது. பிள்ளைகள் செய்து முடித்தால் பூங்காவில் பேட்ஜ் தரும் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், தயவுசெய்து. குழந்தைகளுக்கு நேரம் போக்கத் தரும் தாள் என்று நான் முதல் பயணத்தில் ஒதுக்கிவிட்டேன். 2010இல் அதே பூங்காவில் ஜூனியர் ரேஞ்சர் நிகழ்ச்சிக்கு வந்த 7 வயதுச் சிறுமி விசிட்டர் சென்டருக்குப் பக்கத்திலேயே ஒரு புதைபடிவத்தைக் கண்டு ரேஞ்சர்களிடம் சொன்னாள். பார்த்தால் பூனையைப் போன்ற ஒரு வாள்பல் விலங்கின் மண்டை ஓடு, மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என் மகன் தலையைக் குனிந்தபடிதான் நடந்தான். ஒரு வெள்ளைக் கல்லைக் கண்டான். தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். காவலுக்கு அக்காவை நிறுத்திவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடி ரேஞ்சரைக் கூட்டி வந்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கல்லை இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தார். "இது எலும்பு இல்லை. ஆனால் நீ செய்தது அத்தனையும் சரி" என்றார். சாயங்காலம் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லி அவன் பேட்ஜ் வாங்கியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனி நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உரிமையோடு சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேம்ப்பில் நாமே சமைப்பது நல்ல விஷயம். கடுகு தாளியுங்கள், ரசம் வையுங்கள். ஆனால் சாப்பிட்டு முடித்த கையோடு சட்டி, கூலர், எண்ணெய் பாட்டில், பற்பசை, சோப்பு, குழந்தையின் லோஷன் எல்லாம் காருக்குள்ளோ இரும்புக் கரடிப்பெட்டிக்குள்ளோ போயாக வேண்டும். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி வரும். வந்துகொண்டே இருக்கும் கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேரும். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று நாம் மேசையில் விட்டுப் போகும் ஒரு வாணலிக்கு அந்த விலை. பாத்திரத்தைக் குடிநீர்க் குழாயடியில் கழுவாதீர்கள், அதற்கென்று தொட்டி இருக்கிறது. விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு விறகோடு விறகாக ஊர் ஊராகப் போய்க் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. எங்கள் மினசோட்டாத் தெருக்களிலேயே அதற்குப் பலியான மரங்களைப் பார்க்கிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம். எங்கள் பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம் நடுராத்திரி வரை பாட்டு போட்டது. எனக்கு மொழி புரிந்த பாட்டு என்பதால் இரண்டு மடங்கு வலித்தது. காட்டெருமை பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 25 கெஜமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம். காட்டெருமை அசையாமல் மேய்கிறதே என்று நினைப்போம். அது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது.

திரும்பும் வழியில் இரண்டு இரவு டெவில்ஸ் டவரில். 1906இல் அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட ஒற்றைப் பாறைக் கோபுரம், அடியிலிருந்து 867 அடி. முதல் பயணத்தில் இங்கே நாங்கள் செலவழித்தது 40 நிமிடம். அதன் அடியில், ஆற்றோரம் பெரிய காட்டன்வுட் மரங்களுக்குக் கீழே கேம்ப்கிரவுண்ட். பக்கத்து வெளி முழுக்கப் பிரெய்ரி நாய்கள் என்ற அணில் இனப் பிராணிகளின் வளைகள். டென்ட் ஆணி அடிக்கும் சத்தத்துக்குப் பதில் சொல்வது போல அவை கத்திக்கொண்டே இருந்தன.

காலையில் பாறையைச் சுற்றியுள்ள பாதையில் அத்தையோடு மெதுவாக நடந்தோம். ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். ஒரு பைன் மரக் கிளையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகள் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தன. வெயிலில் வெளுத்தவையும் உண்டு, புதிதாகக் கட்டியவையும் உண்டு. இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இது கோயில். கரடியின் வீடு என்ற பொருளில்தான் அவர்களில் பலர் இதை அழைக்கிறார்கள். அந்தத் துணிகள் பிரார்த்தனை. தொட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஜூன் மாதத்தில் அவர்கள் சடங்குக்காகப் பாறை ஏறுபவர்கள் தாமாகவே ஏறாமல் இருக்கும் வழக்கமும் இருக்கிறது. இதையெல்லாம் நான் படித்துச் சொல்வதற்கு முன்பே அத்தை செருப்பைக் கழற்றியிருந்தார். "நம்மூர்ல வேப்பமரத்துல கட்டுவோம்லம்மா. யாரோ புள்ளைக்கு வேண்டியிருக்காங்க" என்றார். முதல் தடவை வந்தபோதும் அதே பாதையில் கொஞ்சம் தூரம் போயிருக்கிறோம். துணி இருந்ததா என்று கூட நான் கவனிக்கவில்லை.

அன்று மாலை விசிட்டர் சென்டரில் படித்த, கியோவா என்ற பூர்வகுடி மக்களின் கதையை மகள் பாட்டிக்குச் சொன்னாள். கரடி துரத்திய ஏழு சிறுமிகள் ஒரு பாறையில் ஏறிக்கொண்டு காப்பாற்றச் சொல்லி வேண்டினார்களாம். பாறை அவர்களைத் தூக்கிக்கொண்டு வளர்ந்ததாம். கரடி நகத்தால் பிறாண்டிய தடம்தான் பாறையில் இருக்கும் கோடுகள். சிறுமிகள் வானத்தில் நட்சத்திரமாகிவிட்டார்கள், இங்கிலீஷில் பிளையடீஸ் என்கிறோமே அந்தக் கூட்டம். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது கார்த்திகைப் பொண்ணுங்கல்ல? ஆறு பேருதான்" என்றார். "ஏழு, அப்பத்தா" என்றாள் மகள். வாக்குவாதம் தூங்கும்வரை ஓடியது.

விடியற்காலை நாலு மணிக்கு மகள் பாத்ரூம் போக வேண்டும் என்று எழுப்பினாள். அத்தையும் எழுந்து வந்தார். மூன்று பேரும் டார்ச்சைக் கீழே பிடித்துக்கொண்டு புல்லில் நடந்தோம், பனியில் கால் நனைந்தது. திரும்பும்போது மகள் டார்ச்சை அணைக்கச் சொன்னாள். பாறை கறுப்பாக நின்றது. கிழக்கே உயரத்தில் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. அத்தை ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். மகள் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினாள். ஆறு வரை இரண்டு பேர் குரலும் சேர்ந்து வந்தது.