9 மி.மீ.யோடு மோதுகிறவர்கள்

2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் ‘.30 சூப்பர் கேரி’ என்ற புதிய கைத்துப்பாக்கித் தோட்டாவை வெளியிட்டது. அதில் குறை சொல்ல அன்றும் எனக்கு எதுவும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. எல்லாவற்றையும் விட அதிகம் விற்கும் 9 மி.மீ. தோட்டாவை விட ஒல்லியானது என்பதால், அதே அளவுத் துப்பாக்கியின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில்) இரண்டு தோட்டாக்களாவது கூடுதலாக அடங்கும். தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் குண்டு சிறிதாகிவிட்டதை, உறைக்குள் எரியும் வெடிமருந்தின் அழுத்தத்தை உயர்த்தி ஈடுகட்டினார்கள். அமெரிக்கத் தொழில்தரம் 9 மி.மீ.க்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; இதற்கு 50,000. சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும், எஃப்பிஐ வகுத்த சோதனையில் 12 முதல் 18 அங்குலம் வரை துளைக்க வேண்டும், துளைத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் நாளிலிருந்தே துணைக்கு நின்றது. இவ்வளவு இருந்தும் மற்ற பெரிய துப்பாக்கி நிறுவனங்கள் வேடிக்கை பார்த்ததோடு சரி.

காரணம் தோட்டாவுக்குள் இல்லை. அது தீர்க்க வந்த பிரச்சினை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. இடுப்பில் மறைத்துக்கொள்ளும் சின்ன பிஸ்டல்களில் முன்பெல்லாம் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். ஆறோ ஏழோதான் கொள்ளும். 2018இல் வந்த சிக் சவர் பி365, மேகசினின் அடிப்பகுதியைச் சற்று அகலமாக்கி, மேலே போகப்போகக் குறுகச் செய்தது. கைப்பிடி பெருக்கவில்லை, உள்ளே பத்து 9 மி.மீ. தோட்டாக்கள் அடங்கின. ஒரு தகரக் கூட்டின் வடிவத்தை மாற்றிக் கிடைத்த லாபத்துக்குப் போட்டியாக, புதிய குழல், புதிய உறை, புதிய பெயர் என்று ஒரு குடும்பத்தையே ஃபெடரல் குடியேற்றப் பார்த்தது. வாங்குகிறவர் ஏன் அசைய வேண்டும்?

இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான்: ‘9 மி.மீ.யை விடக் கொஞ்சம் மேல்’ என்று சொல்லிக்கொண்டு வரும் எந்தக் கைத்துப்பாக்கிக் காலிபரும், அதாவது தோட்டா அளவும், நிலைக்காது. 9 மி.மீ. நுழைய முடியாத இடத்தையோ, நுழைய அனுமதி இல்லாத இடத்தையோ பிடிக்கிற தோட்டா மட்டுமே பிழைக்கும்.

1902இல் கியோர்க் லூகர் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டாவோடுதான் போட்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த உறையின் அளவுகள்தாம் பழையவை. உள்ளே இருக்கும் வெடிமருந்தும் முன்னே இருக்கும் குண்டும் நேற்றுச் செய்தவை. உடலுக்குள் போனதும் மலர்ந்து விரியும் குழிமுனைக் குண்டுகளும், ஈய உட்கருவும் செம்பு உறையும் பிரியாமல் ஒட்டிச் செய்யும் முறையும் வந்தபோது, ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு எங்கே போயிருக்கும்? எது அதிகம் விற்கிறதோ அங்கேதான். புதிய காலிபருக்காகக் கண்டுபிடிக்கும் நல்ல விஷயம் எதுவும் இரண்டொரு ஆண்டில் 9 மி.மீ. பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு எதிர்வாதமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவை. புதிய தோட்டா அமெரிக்கப் போலீஸ் முழுவதையும் பிடித்ததே என்பார்கள். பிடித்தது உண்மை. பிடித்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு எஃப்பிஐ நடத்திய துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்டுகள் செத்தார்கள். ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவனின் மார்புக்குள் ஆரம்பத்திலேயே போன ஒரு 9 மி.மீ. குண்டு, கையைத் துளைத்து வந்த களைப்பில் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். தந்திரோபாயத்திலும் ஆயுத ஆயத்தத்திலும் இருந்த தவறுகள் ஏராளம். ஆனாலும் பழி அந்த ஒரு குண்டின் மேல் விழுந்தது. அமைப்புகளுக்குத் தோட்டாவைக் குறை சொல்வது எப்போதுமே எளிது.

மாற்றாக எஃப்பிஐ 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. அதன் முன்கதையே ஒரு துன்பியல் நகைச்சுவை. 1983இல் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரின் ஆதரவோடு பிறந்த அந்தத் தோட்டாவுக்காகவே செய்யப்பட்ட ‘பிரென் டென்’ பிஸ்டல், வாங்கியவர்கள் பலருக்கு மேகசின் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. நிறுவனம் 1986இல் திவாலானது. அப்படித் தெருவில் நின்ற தோட்டாவை எஃப்பிஐ தூக்கி நிறுத்தியது. தூக்கிய கையோடு அதன் உதை தாங்கவில்லை என்று மருந்தைக் குறைக்கவும் சொன்னது. குறைத்த பிறகு உறைக்குள் பார்த்தால் கணிசமான இடம் காலி. காலி இடத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் உறையை வெட்டிக் குட்டையாக்கின. 1990 ஜனவரியில் .40 பிறந்தது.

குட்டையானதும் அது 9 மி.மீ.க்குச் செய்த துப்பாக்கியின் உடலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெற்றி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். கைப்பிடி பெருக்கவில்லை, இடுப்பு உறை மாறவில்லை, க்ளாக் நிறுவனம் தன் 9 மி.மீ. சட்டகத்திலேயே .40ஐச் செய்து, தோட்டாவைப் பெற்ற ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையே முந்திக்கொண்டு கடைக்கு அனுப்பியது.

பிறகு சட்டமும் உதவிக்கு வந்தது. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்குப் புதிதாகச் செய்யும் மேகசின்களில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்று கூட்டாட்சித் தடை இருந்தது. 9 மி.மீ.யின் பெரிய பலமே எண்ணிக்கை. எப்படியும் பத்துதான் என்றால் பெரிய பத்தை வாங்குவோம் என்று மக்கள் .40, .45 பக்கம் போனார்கள். தடை காலாவதியானதும் அந்தக் காற்று நின்றது. கடைசியில் வளர்த்தவர்களே கைவிட்டார்கள்: நவீனக் குண்டுகளால் காலிபர்களுக்கு இடையே காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை, 9 மி.மீ.யில் ஆட்கள் வேகமாகவும் குறிதவறாமலும் சுடுகிறார்கள் என்று எஃப்பிஐ 2014இல் எழுதிவைத்துவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டில் பழைய வீட்டுக்கே திரும்பியது. மாநில, நகரப் போலீஸ்களும் பின்னாலேயே போயின. ஓர் அச்சம், ஒரு சட்டம், ஓர் அரசுத் துறையின் கையெழுத்து, இந்த மூன்றும் சேர்ந்து வாங்கித் தந்தது கால் நூற்றாண்டு. மூன்றும் போனபின் .40 பெரும்பாலும் விளையாட்டுச் சுடுதலில் எஞ்சியிருக்கிறது. அங்கும் சில பிரிவுகளின் புள்ளிக் கணக்கு பெரிய தோட்டாவுக்குச் சாதகம் என்பதால்தான்.

.45 ஜிஏபி என்ற தோட்டாவின் கதையை நீட்ட வேண்டியதில்லை. 2003இல் க்ளாக் தன் பெயரையே பொறித்து வெளியிட்டது. நியூயார்க், பென்சில்வேனியா, ஜார்ஜியா மாநிலப் போலீஸ்கள் வாங்கின. மூன்றும் பிறகு விட்டுவிட்டன.

இப்போது பிழைத்தவற்றைப் பாருங்கள். இத்தாலியில் நாம் பேசும் 9 மி.மீ. (முழுப்பெயர் 9 மி.மீ. பாரபெல்லம்) போர்த் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குப் பல பத்தாண்டுகள் தடை. அதனால் வந்தது 9×21. உறை இரண்டு மில்லிமீட்டர் நீளம். குண்டை அதற்கேற்ப உள்ளே அமுக்கி வைப்பதால் தோட்டாவின் மொத்த நீளம் ஏறக்குறைய பழையதே. அதே துப்பாக்கி, அதே மேகசின், சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் வேறு தோட்டா. செயல்திறனில் எந்தப் புதுமையும் இல்லாத இது ஒரு நாடு முழுக்க ஓடியது. நான் சொல்லும் ‘அனுமதி இல்லாத இடம்’ இதுதான். அண்மையில் இத்தாலி அந்தத் தடையை நீக்கியிருக்கிறது. 9×21இன் கதி என்னவாகும் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

‘நுழைய முடியாத இடம்’ வேண்டுமானால் கிரீன்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் க்ளாக் 20 வைத்திருக்கிறார்கள். 10 மி.மீ., துருவக் கரடிக்காக. எஃப்பிஐக்கு எது சுமையாக இருந்ததோ அந்த உதையும் வேகமும்தான் அங்கே உயிர்காப்பு. வேட்டைக்காரர்களும் கரடிக் காட்டில் நடப்பவர்களும் அதே காரணத்துக்காக அதை வாங்க, சென்ற பத்தாண்டில் 10 மி.மீ. மறுபடி எழுந்தது. 9 மி.மீ.யில் எவ்வளவு நல்ல குண்டைப் போட்டாலும் அந்த வேலைக்கு ஆகாது.

5.7×28 என்ற தோட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 9 மி.மீ.க்கு மாற்று வேண்டும் என்று நேட்டோ கேட்டதால் பெல்ஜியத்தின் எஃப்என் உருவாக்கியது. நேட்டோ தரநிலைக்குள் அது ஏறிய ஆண்டு 2021. சுமார் முப்பது ஆண்டுக் காத்திருப்பு. பொதுச் சந்தையில் அதற்கு உயிர் வந்ததோ நேட்டோவால் அல்ல. 2019 கடைசியில் ரூகர், எஃப்என் விலையை விட வெகுவாகக் குறைந்த ஒரு பிஸ்டலை இறக்கியது. பின்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வந்தது. ஒரே நிறுவனத்தின் சொந்தப் பிள்ளையாக இருக்கும்வரை எந்தக் காலிபரையும் நம்பிப் பணம் போட ஆள் வருவதில்லை.

‘அப்படியானால் 9 மி.மீ.யும் ஒரு காலத்தில் புதியதுதானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கப் போலீசிடம் பல பத்தாண்டுகள் .38 ஸ்பெஷல்தான் இருந்தது. 1980களில் 9 மி.மீ. அதைத் துரத்தியது. துரத்தியது தோட்டாவா? ரிவால்வரை பிஸ்டல் துரத்தியது. விளிம்பு வைத்த .38 உறை சுழலும் உருளைக்குப் பொருந்தும். நெட்டுக்குத்தான மேகசினில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இயந்திரம் மாறியபோது தோட்டாவும் மாறியது. அமெரிக்க ராணுவம் 2017இல் புதிய பிஸ்டல் தேர்ந்தெடுத்தபோது வேறு காலிபர்களோடு வரவும் நிறுவனங்களுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. தேர்வானது மறுபடியும் 9 மி.மீ.

எனவே அடுத்த முறை யாராவது புதிய காலிபரை மேடையேற்றும்போது ஜெலட்டின் படத்தைப் பார்த்து மயங்க மாட்டேன். முதல் நிறுவனத்துக்கு அடுத்து இரண்டாவதாக எந்த நிறுவனம் அதற்குத் துப்பாக்கி செய்ய முன்வருகிறது என்று பார்ப்பேன். தோட்டாப் பஞ்சம் வந்தால் ஆலைகள் முதலில் எந்த வரிசையை நிறுத்தும் என்று பார்ப்பேன். எது அதிகம் விற்கிறதோ அதைத் தவிர மற்றவற்றைத்தான் நிறுத்துவார்கள். .30 சூப்பர் கேரி துப்பாக்கியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரே ஆலோசனை: தோட்டா கிடைக்கும்போதே பெட்டி பெட்டியாக வாங்கி வையுங்கள், மறுபடி நிரப்பிக்கொள்ளச் சுட்ட உறைகளையும் பொறுக்கி வையுங்கள்.